நட்புப் பட்டியலில் ஒரு கோணல்

உங்களைவிட உங்கள் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். உங்களை ஒருமுறைகூடப் பார்க்காமல் இதை தைரியமாக எழுதுகிறேன். பத்தில் எட்டுப் பேருக்காவது இது பொருந்திவிடும். ஜோசியம் இல்லை, வெறும் கூட்டல் வகுத்தல். 1991இல் ஸ்காட் ஃபெல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அதைப் போட்டுக் காட்டினார்.

ஒரு விடுதி அறையில் ஐந்து பெண்கள். செல்வி எல்லோரிடமும் பழகுவாள். மற்ற நால்வரும் அவளைத் தவிர யாரோடும் ஒட்டமாட்டார்கள். செல்விக்கு 4 தோழிகள், மற்றவர்களுக்கு ஆளுக்கு 1. கூட்டினால் 8, ஐந்தால் வகுத்தால் சராசரி 1.6. இப்போது மாலா தன் தோழிகளை எண்ணிப் பார்க்கிறாள். இருப்பதே ஒருத்திதான், அவளுக்கோ நான்கு தோழிகள்! ரேவதி, பானு, கோமதி மூவருக்கும் இதே கதைதான். அறையில் ஐந்தில் நான்கு பேர் 'நமக்குத்தான் ஆளே இல்லை' என்று நினைத்துக்கொண்டு தூங்கப்போவார்கள்.

பலரோடு பழகுகிறவர் பலர் பட்டியலிலும் வருகிறார். யாரோடும் பழகாதவர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அவ்வளவுதான் விஷயம். 2011இல் ஃபேஸ்புக்கில் இருந்த சுமார் 72 கோடிப் பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒருவருக்குச் சராசரி 190 நண்பர்கள்; அந்த நண்பர்களுக்கோ சராசரி 635.

நண்பர் எண்ணிக்கையோடு இது நிற்பதில்லை. அடிக்கடி ஊர் சுற்றுகிறவர் அடிக்கடி படம் போடுகிறார். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. ஆகவே திரையில் நாம் பார்க்கும் 'எல்லோரும்' உண்மையில் எல்லோரும் அல்ல. செல்விகளே திரும்பத் திரும்ப வருகிறார்கள். அளந்து பார்க்கக் கோல் இல்லாத இடத்தில் மனிதர்கள் தங்களைப் போன்ற பிறரை வைத்தே தங்களை அளந்துகொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதினார். அளவுகோலே கோணலாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அதைச் சோதிப்பது சுலபமில்லை. போனை நோண்டுவதால்தான் மனச்சோர்வு என்று சொல்லிவிட முடியாது; மனச்சோர்வு உள்ளவர்கள்தான் போனை அதிகம் நோண்டுகிறார்களோ என்னவோ! ஆனால் ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டில் தொடங்கி, கல்லூரி கல்லூரியாகத்தான் பரவியது. வந்துசேர்ந்த கல்லூரிகளையும் இன்னும் வராதவற்றையும் பழைய மாணவர் நலக் கணக்கெடுப்புகளை வைத்து மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. ஃபேஸ்புக் வந்த இடங்களில் மாணவர்களின் மனநலம் மோசமாகியிருந்தது. வேலை பறிபோனால் மனநலத்துக்கு ஏற்படும் அடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பிறரோடு ஒப்பிட்டுத் தாழ்வாக உணர்வதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். எனக்குப் பிடித்தது அதில் ஒரு சிறு தகவல்: சக மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்ற மாணவர்களின் கணிப்பு ஏறியது, அவர்கள் குடித்த அளவு பெரிதாக மாறவில்லை. பார்ட்டிகள் பெருகவில்லை, பார்ட்டிப் படங்கள்தான் பெருகின.

இந்தக் கோணலை உருப்படியாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது, அதே ஹார்வர்டில் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எதேச்சையாகச் சில மாணவர்களைப் பிடித்து, நண்பர்களின் பெயரைக் கேட்டார்கள். பிறகு இரண்டு கூட்டத்தையும் கவனித்தார்கள். பலரோடு பழகுகிற, பெயர் சொல்லப்பட்ட நண்பர்களிடையே காய்ச்சல் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே உச்சம் தொட்டது.