டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்... புறநகரில் மனை, வீடு வாங்கும் குடும்பங்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போனால், குடும்பம் குடும்பமாக மனை பார்க்கப் போகிறவர்களைப் பார்க்கலாம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று செங்கல்பட்டு வரை இதே காட்சிதான். நகருக்குள் வீடு வாங்க முடியாத குடும்பங்களுக்கு மின்சார ரயில் பாதையை ஒட்டிய இந்தப் பகுதிகள்தான் கைக்கு எட்டுகின்றன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டங்களைச் சொந்த ஊராகக் கொண்டவர்களின் பார்வையும் இந்தப் பக்கம் கூடுதலாகத் திரும்பியிருக்கிறது.

மனைப்பிரிவுக்குப் போனால் பந்தல் போட்டு, மோர் கொடுத்து வரவேற்பார்கள். கொஞ்ச நேரத்தில், "சார், இந்த கார்னர் பிளாட்டுக்கு இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. ஒரு டோக்கன் மட்டும் போட்டுட்டுப் போயிடுங்க" என்பார்கள். ஐம்பதாயிரம்தானே என்று அங்கேயே நின்று செல்போனில் அனுப்பிவிடுகிறோம். ஆவணங்களைக் கேட்பதே அதற்குப் பிறகுதான்.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பணம் நம் கையில் இருக்கும்வரை கேள்வி கேட்பவர் நாம். கைமாறிய பிறகு கெஞ்சுபவரும் நாமே. அட்வான்ஸ் அனுப்பிய அதே செல்போனில், அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டிய பெரும்பாலான ஆவணங்களையும் பார்த்துவிடலாம்.

முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள்

மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகிய ஐந்தும் முதலில் வேண்டும். கூடவே விற்பவரின் கிரயப் பத்திர நகலையும் கேளுங்கள். "அட்வான்ஸ் போட்டாதான் டாக்குமெண்ட் காட்டுவோம்" என்று சொன்னால், அந்த மனையை விட்டுவிடலாம்.

தமிழக அரசின் நிலப் பதிவேடுகளுக்கான இ-சர்வீசஸ் இணையதளத்தில் இந்த விவரங்களைக் கொடுத்து மூன்றைப் பாருங்கள்.

பட்டா: யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு என்று தெரியும். கூட்டுப் பட்டாவாக இருந்தால், அதில் உள்ள மற்றவர்களின் பங்கு என்ன, பாகம் பிரிந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். ஒரே ஒருவர் கையெழுத்தை நம்பி வாங்கிவிடக் கூடாது.

அ-பதிவேடு: நிலம் நஞ்சையா, புஞ்சையா, அரசுப் புறம்போக்கா, நீர்நிலையா என்ற வகைப்பாடு இதில் இருக்கும்.

புலப்படம்: நிலத்தின் வடிவமும் எல்லை அளவுகளும் தெரியும். ஓடையோ வாய்க்காலோ குறுக்கே போகிறதா என்பதை இதில் பார்த்துவிட்டு இடத்துக்குப் போங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், பட்டா ஆகிய எல்லாமே ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

வில்லங்கச் சான்று சொல்வதும் சொல்லாததும்

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், தேதி வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். சர்வே எண் பின்னாளில் உட்பிரிவு ஆகியிருந்தால், பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, பதிவான பவர் பத்திரம் எல்லாம் வரிசையாக வரும். அடமானம் ஒன்று இருந்தால், அதை ரத்து செய்த ரசீதுப் பத்திரமும் பின்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் பவர் ஏஜென்ட் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சொத்தின் உரிமையாளரிடமே ஒரு முறை நேரில் பேசிவிடுவது நல்லது.

"இசி கிளியரா இருக்கு சார்" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். பதிவு செய்யாத உயில், வாரிசுகளுக்குள் உள்ள தகராறு, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, கட்டாமல் விட்ட சொத்து வரி ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். ஒரு வழக்கறிஞரிடம் மூலப் பத்திரங்களைக் கொடுத்துச் சட்டக் கருத்து வாங்குவது இதற்காகத்தான். மனையின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது.

அப்ரூவல் இருக்கிறதா?

மனைப்பிரிவுக்கு சிஎம்டிஏ அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி அனுமதி வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" மட்டும் இருக்கிறது என்றால் அது போதாது. அனுமதி எண்ணையும், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தையும் வாங்கி, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பூங்கா என்று வரைபடத்தில் குறித்த இடத்தை மனையாக விற்கிறார்களா என்பதும் இதில்தான் தெரியும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம் அது. அதையும் சாலைகளையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை விதிக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளுக்காக 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அப்படிப்பட்ட மனை உங்களுக்கு வந்தால், வரன்முறைப்படுத்திய ஆணையைக் கேளுங்கள். "முன்னாடியே ஒரு தடவை ரிஜிஸ்டர் ஆயிருக்கு, உங்களுக்கும் ஆயிடும்" என்பது பாதிப் பதில்தான். நாளைக்கு அங்கே வீடு கட்ட அனுமதி கேட்கும்போது அந்த ஆணை தேவைப்படும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வரும் புதிய மனைப்பிரிவுகளும், 8-க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட புதிய குடியிருப்புகளும் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். விளம்பரத்திலேயே அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் திட்டத்தின் அனுமதி, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் கிடைக்கும்.

நவம்பர் மாதத்தில் ஒரு முறை போங்கள்

ஆவணம் சுத்தமாக இருந்தாலும் இடம் சரியில்லை என்றால் குடும்பம் அங்கே நிம்மதியாக வாழ முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை இந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் பார்த்தால் எல்லா மனையும் காய்ந்து அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் பத்து வருஷமாகக் குடியிருப்பவர்களிடம், "அண்ணே, 2015-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். பெட்டிக்கடைக்காரரும் பால் போடுகிறவரும் சொல்வது, விற்பவர் தரும் நோட்டீஸில் இருக்காது.

இன்னும் சில கேள்விகள்:

குடிநீர் குழாயில் வருகிறதா, இல்லை லாரியா? போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர், அது உப்பா?

பாதாளச் சாக்கடை உண்டா? இல்லையென்றால் கழிவுநீர்த் தொட்டிக்கு லாரி உள்ளே வரும் அளவுக்குத் தெரு அகலமா?

ரயில் நிலையம் "அஞ்சு நிமிஷம்" என்கிறார்களே, நடந்தா, பைக்கிலா? தாம்பரத்தைத் தாண்டி மின்சார ரயில்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். உங்கள் அலுவலக நேரத்துக்கு எந்த வண்டி இருக்கிறது என்று அட்டவணையில் பாருங்கள். திங்கட்கிழமை காலை ஒரு முறை அதே நேரத்தில் போய் வந்து பார்ப்பது இன்னும் நல்லது.

இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை தெருவிளக்கு இருக்கிறதா? வேலை முடிந்து வரும் மனைவியோ, டியூஷன் முடிந்து வரும் மகளோ நடக்கப் போகும் வழி அது. அவர்களையும் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை எவ்வளவு தூரம்?

மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

மனை, தனி வீட்டுக்கான கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் சொத்துக்கு இவை மட்டுமே 3 லட்சத்து 60 ஆயிரம். அரசு வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்கே கணக்கு. உங்கள் தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோ உள்ள வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

வங்கிக் கடன் முழுத் தொகைக்கும் கிடைக்காது. பதிவுச் செலவும் கையிலிருந்துதான். இஎம்ஐ ஆரம்பித்த பிறகு, வீடு முடியும்வரை வாடகையும் சேர்ந்து ஓடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இப்போது அட்வான்ஸ்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக, உரிமையாளர் கணக்குக்கே அனுப்புங்கள். ரெரா திட்டங்களில், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். தனி நபரிடம் வாங்கும்போதும் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012-ல் வந்த தமிழ்நாடு திருத்தச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும் என்பதால், அதே மனையை இன்னொருவரிடம் விலை பேசுவதும் கடினமாகும். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பதிவு செய்யும் நாளன்று காலையில் வில்லங்கச் சான்றை மறுபடியும் ஒரு முறை பாருங்கள்.

பதிவுக்குப் பிறகு

பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. முழுச் சர்வே உட்பிரிவையும் வாங்கியிருந்தால் பதிவோடு பட்டா தானாக மாறும் வசதி உண்டு. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் நில அளவையர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். இதற்கான விண்ணப்பத்தை "எங்கிருந்தும் எந்நேரத்திலும்" என்ற தமிழ்நிலம் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். இ-சேவை மையத்திலும் கொடுக்கலாம். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றிலும் பெயர் மாற்றுங்கள்.

மனை மட்டும் வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி பெறலாம். அதுவரை மனையைச் சும்மா விடாமல், நான்கு மூலையிலும் கல் நட்டு, மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செல்போனில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கப் போகிறவர்கள், "டோக்கன் போட்டுடுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால், "சர்வே நம்பர் குடுங்க, வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சரியான இடமாக இருந்தால், இரண்டு நாள் காத்திருக்கச் சொல்வதில் விற்பவருக்கு எந்தச் சிரமமும் இருக்காது.