உஷார்! கார் டாப்பில் கயாக்கா? அந்தக் கேரியரைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்!

வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு கேரியர் அடித்தாயிற்று. கார் டாப்பில் மாட்டியாயிற்று. கயாக்கை ஏற்றி நாலு கயிறு போட்டு இறுக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி, இல்லையா?

நில்லுங்கள். சாவியைக் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சென்னையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். ஏனோதானோவென்று இருக்கிற ஆள் இல்லை. டயரில் காற்று குறைந்தால்கூட வண்டியை எடுக்க மாட்டார். மீன் பிடிக்கிற கயாக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கனமான பிளாஸ்டிக், 42 கிலோ. கடையில் விற்கிற கேரியர் விலையைக் கேட்டதும் மலைத்துப்போய், தெருமுனைப் பட்டறையில் ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் ஒன்று அடிக்கச் சொன்னார். நாலு கால். ஒவ்வொரு காலின் நுனியிலும் இரும்புப் பட்டையை வளைத்து ஒரு கொக்கி. கொக்கியைக் கதவு இடுக்கில் மாட்டி, பெயின்ட் உரியாமல் இருக்க சைக்கிள் டியூப் துண்டை அடியில் வைத்து போல்ட் போட்டார்கள். தெருவிலேயே இரண்டு பேர் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. "யானையே ஏறலாம் சார்" என்றார் பட்டறைக்காரர்.

முட்டுக்காடு பாலம். கடல் பக்கமிருந்து காற்று. எதிரே ஒரு பஸ் வேகமாகக் கடந்தது. தலைக்கு மேல் 'டக்' என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்தார். அடுத்த சத்தத்தில் கண்ணாடியைப் பார்த்தால், கயாக் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. கேரியரோடு சேர்த்து!

பின்னால் டூவீலரில் வந்த பையன் பிரேக் அடித்துச் சறுக்கி விழுந்தான். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிந்தன. அவனுக்குப் பின்னால் லாரி வரவில்லை. அதனால்தான் கதை எலும்பு முறிவோடு நின்றது.

இப்போது கவனியுங்கள். கயிறு அறவில்லை. பைப் வளையவில்லை. ஒரு வெல்டிங்கூட விடவில்லை. முன்பக்கக் கொக்கி இரண்டும் விரிந்துகொண்டன, அவ்வளவுதான். கேரியர் உடையவே இல்லை. காரை விட்டுக் கழன்று வந்துவிட்டது.

இதுதான் யாருக்கும் தெரிவதில்லை. எல்லாரும் பைப் தாங்குமா, பைப் தாங்குமா என்றுதான் பார்க்கிறார்கள். 42 கிலோவைத் தாங்க ஒரு இஞ்ச் பைப் போதும். ஆனால் ஓடுகிற வண்டியில் கயாக் கீழே மட்டுமா அழுத்துகிறது? மேலே தூக்குகிறது. முன்னே தள்ளுகிறது. பக்கவாட்டில் முறுக்குகிறது. மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற படகின் அடியில் காற்று புகுந்தால், புயலில் கொட்டகைத் தகரம் கிளம்புகிற கதைதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிற காற்றின் விசை, 80-ல் இரண்டு மடங்கு ஆகாது. நாலு மடங்கு ஆகும். தெருவில் நிறுத்தித் தொங்கிப் பார்த்தால் இதில் எது தெரியும்? ஒன்றும் தெரியாது.

படகோ பன்னிரண்டு, பதின்மூன்று அடி நீளம். சின்ன காரில் முன் பாருக்கும் பின் பாருக்கும் இடையே இரண்டரை அடி கிடைத்தால் அதிகம். மிச்சமெல்லாம் அந்தரத்தில். நுனியில் காற்று லேசாக நெம்பினாலும் கொக்கியில் பல மடங்காக இறங்கும்.

"அந்தக் காலத்தில் அம்பாசிடர் டாப்பில் டிரங்குப் பெட்டி, படுக்கை எல்லாம் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போகவில்லையா?" என்று உங்கள் அப்பா கேட்பார். போனார்கள். அம்பாசிடர் கூரை விளிம்பில், மழைத்தண்ணீர் வடிய கெட்டியான இரும்பு மடிப்பு ஒன்று நீளமாக ஓடும். கேரியரின் கால்கள் அதைக் கவ்விப் பிடித்தன. இன்றைய பெரும்பாலான கார்களில் அந்த மடிப்பே கிடையாது. வழுவழுவென்று கூரை, மெல்லிய தகடு, அதன்மேல் ரப்பர் பீடிங். கவ்வ இடமில்லாத இடத்தில் கவ்வுகிறோம்.

கூரையில் ரெயில் இருக்கிறதே என்கிறீர்களா? நம் ஊரில் ஓடுகிற எத்தனையோ சின்ன கார்களில் அது வெறும் அழகுக்கு! ஒட்டவைத்த பிளாஸ்டிக். காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், கூரை எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கும். பல சின்ன கார்களுக்கு 50 கிலோதான். சில கார்களுக்குக் கூரையில் எதையும் ஏற்றாதே என்றே போட்டிருக்கும். அந்த 50-க்குள் கேரியரின் எடையும் அடங்கும். நம்மவர் கேரியர் மட்டும் 14 கிலோ. கணக்கு அங்கேயே இடித்துவிட்டது. திரும்பி வரும்போது படகின் வயிற்றுக்குள் தண்ணீர் தங்கியிருந்தால்? பத்து லிட்டர் என்றால் இன்னும் பத்து கிலோ. அடைப்பானைக் கழற்றி வடிக்காமல் ஏற்றுகிறவர்கள்தான் அதிகம்.

சடன் பிரேக் அடித்தால் படகின் எடையில் முக்கால் பங்கு முன்பக்கமாகத் தள்ளும். அது பரவாயில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நின்றால், அந்த 42 கிலோ படகு ஒரு டன்னுக்கு மேல் விசையோடு முன்னால் பாயும். அதைத் தடுக்கப்போவது கதவு இடுக்கில் மாட்டிய பட்டைக் கொக்கி!

பிவிசி பைப்பில் செய்கிறவர்களை நினைத்தால் இன்னும் பகீர் என்கிறது. வெயிலில் நிற்கிற கருப்புக் காரின் கூரை 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். அந்தச் சூட்டில் பிவிசி குழாய் தாங்குகிற தண்ணீர் அழுத்தம், சாதாரண சூட்டில் தாங்குவதில் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். வீட்டுக்குள் கல் மாதிரி இருந்த குழாய் கார் மேலே குழைந்துபோகும். வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கூரையில் ஓட்டை போடுவது. டிரில் மெஷினைக் கூரை ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்! பல கார்களில் கதவுக்கு மேலே, உள்பக்கம், திரைபோல விரியும் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் டிரில் பட்டால் என்னவாகும் என்று யோசியுங்கள். படாமலே தப்பினாலும், அந்த ஓட்டை வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும்.

ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இன்றைக்கே கீழே இறங்கிப் பாருங்கள்.

கேரியரைக் கீழே அழுத்தாதீர்கள். முன் பாரைப் பிடித்து மேலே தூக்குங்கள், பிறகு முன்னும் பின்னும் இழுங்கள். அரை இஞ்ச் நகர்ந்தாலும் ஆபத்து. படகை ஆட்டினால் கார் முழுக்கச் சேர்ந்து ஆட வேண்டும். படகு மட்டும் ஆடினால் கட்டு சரியில்லை.

வெல்டிங் ஓரத்தில் தலைமுடி போல ஒரு துருக்கோடு தெரிகிறதா? அது வெறும் துருவாக இருக்காது, விரிசலாக இருக்கலாம். பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். கடற்கரைக்குப் போய்வரும் வண்டியில் உப்பு அதை வேகமாகத் தின்னும்.

கதவை மூடும்போது முன்பைவிட இறுக்கமாக இருக்கிறதா? கூரையில் காலுக்குக் கீழே சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறதா? பீடிங் நசுங்கி மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதா? கார் உங்களிடம் சொல்லிவிட்டது.

போல்ட்டில் சாதா நட் மட்டும் போட்டிருந்தால், அதிர்வில் அது தானாகக் கழலும். நைலாக் நட் போடுங்கள்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும். காலையில் இறுக்கியது மாலையில் தொளதொளவென்று இருக்கும். இழுத்தால் நீளுகிற எலாஸ்டிக் கயிற்றைப் படகுக்குப் போடவே போடாதீர்கள்.

முன்பக்கக் கயிறு. இதை இரண்டு தடவை படியுங்கள். படகின் மூக்கிலிருந்து காரின் முன்பக்கம் ஒரு கயிறு இறங்கியே ஆக வேண்டும், பின்பக்கமும் ஒன்று. பிளாஸ்டிக் பம்பரில் அல்ல, டோயிங் கொக்கியில் கட்டுங்கள். மிச்சக் கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள். தொங்கவிட்டால் முன் சக்கரத்தில் சுற்றி, ஒரே இழுப்பில் கேரியரையே பிடுங்கிவிடும்.

போலீஸ் பிடித்தால் அது வேறு செலவு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கிவைக்கிற கூலியும் உங்கள் தலையில்தான். விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது, அந்தக் கேரியர் யார் செய்தது என்பதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் படகை எப்படித்தான் கொண்டுபோவது? உங்கள் கார் மாடலுக்கென்றே வருகிற, எடை அளவு அச்சிட்ட, ஐஎஸ்ஓ 11154 சோதனையில் தேறிய கேரியரை வாங்குங்கள். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. கார் புத்தகத்தில் இருக்கிற எடைக்குள் படகு அடங்கவில்லை என்றால் அதுவும் வேண்டாம். படகு வெளியே நீட்டாமல் அடங்குகிற ஒரு சரக்கு வண்டியை வாடகைக்குப் பேசுங்கள். இல்லையென்றால் காற்றடிக்கிற கயாக் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள்.

வழியில் தலைக்கு மேல் ஏதாவது சத்தம் கேட்டால், கல்லாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரேக்கை மிதித்துவிடாதீர்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். நாலு இண்டிகேட்டரையும் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். ரோட்டுப் பக்கக் கதவைத் திறக்காமல் இடப்பக்கமாக இறங்கி, முதலில் முன் கொக்கிகளைப் பாருங்கள். விரிந்திருந்தால் திரும்பக் கட்டி ஓட்டப் பார்க்காதீர்கள். படகை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு, சரக்கு வண்டிக்குப் போன் போடுங்கள்.