பொன்னும் செம்பும், யுரேனியமும் அலுமினியமும்

கல்முனை, சவளக்கடை முதலிய ஊர்களில் நகை செய்விக்கச் செல்வோர், பொற்கொல்லர் பொன்னுடன் சிறிது செம்பு சேர்ப்பதை அறிவர். தனிப்பொன் மிக மென்மையானது. செம்பு சேர்ந்தபின்பே காப்பாகவும் மாலையாகவும் உருக்குலையாது நிலைக்கும். உலோகங்கள் கூடும்போது குணம் மாறுகின்றது என்னும் இவ்வுண்மையே அணு உலைக்கும் அடிப்படையாகும்.

தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் 1996ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய காமினி என்னும் சிற்றுலையின் எரிபொருள், யுரேனியம்-233உம் அலுமினியமும் சேர்ந்த தகடுகளாகும். இவ்விரு மூலகங்களும் நீரில் உப்புக் கரைவதுபோல வெறுமனே கலந்துவிடுவதில்லை. குறித்த விகிதங்களிற் கூடி, உலோகச் சேர்வைகளாகின்றன. அவற்றுள் ஒன்றன் பளிங்கமைப்பை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். சதுரமான ஓர் அறையை எண்ணுக. அதன் எட்டு மூலைகளிலும் யுரேனிய அணுக்கள் உள்ளன. நான்கு சுவர்கள், தரை, கூரை ஆகிய ஆறு முகங்களின் நடுவிலும் அலுமினிய அணுக்கள் உள்ளன. ஒவ்வொரு மூலையும் எட்டு அறைகளுக்கும், ஒவ்வொரு முகமும் இரண்டு அறைகளுக்கும் பொதுவாதலின், ஓர் அறைக்குரியவை யுரேனியம் ஒன்றும் அலுமினியம் மூன்றுமேயாம். மூன்று செம்பணுவுக்கு ஒரு பொன்னணுவாகக் கலந்து மெல்லக் குளிரவிட்டால், அவையும் இதே ஒழுங்கில் அமைகின்றன.

இவ்வொழுங்கினால் வரும் பயன் வியப்புக்குரியது. அலுமினியம் 660 பாகை செல்சியசிலும் யுரேனியம் 1132 பாகையிலும் உருகும். ஓர் யுரேனியத்துக்கு இரண்டு அலுமினியம் கொண்ட சேர்வையோ ஏறத்தாழ 1590 பாகை வரை உருகாது. எனினும் ஒரு குறையும் உண்டு. மென்மையான உலோகத்தில் அணுப்படைகள் ஒன்றன்மேலொன்று வழுக்குவதால் அது வளைகின்றது. சேர்வையில் அவ்வாறு வழுக்குதல் அரிதாதலின், அது நொறுங்குகின்றது. எரிபொருள் தகடு வெடித்தால் கதிர்வீச்சுப் பொருள்கள் குளிர்நீரிற் கலந்துவிடும். ஆகவே சேர்வையைச் சிறு மணிகளாக அலுமினியத்தினுள்ளே பரவச் செய்து, தகடாக உருட்டி, மேலும் அலுமினிய உறையிட்டு மூடுகின்றனர். நான்கு அலுமினியம் கொண்ட மற்றொரு சேர்வை உருவாகின், அது அலுமினியத்தை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். தகட்டின் மென்மை குறையும். சிறிது சிலிக்கன் சேர்ப்பதன் மூலம் அதனைத் தடுக்கலாம்.

யுரேனியம்-233 நிலத்திலிருந்து அகழப்படுவதன்று. தோரியம் நியூத்திரனை ஏற்றபின் படிப்படியாக அதுவாக மாறுகின்றது. அத்தோரியத்தைக் கொண்ட மொனசைற்று மணல் நமது கிழக்குக் கரையிற் புல்மோட்டையிலும் உண்டு. கலையறிஞராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, இளமையில் இலங்கையின் கனிப்பொருள்களை ஆராய்ந்தவர். தோரியமும் யுரேனியமும் கலந்த தோரியனைற்று என்னும் இலங்கைக் கனிப்பொருள் 1904இல் உலகறிய வந்ததில் அவருக்கும் பங்குண்டு.

காமினியின் ஆற்றல் 30 கிலோவாற்று மட்டுமே. ஆயினும் அதன் நியூத்திரன் கற்றை, உலோகப் பொருள்களின் உள்ளிருக்கும் குறைகளைப் படமாகக் காட்டுகின்றது. அப்பணி நடைபெற, எரிபொருள் தகடு வெடிக்காது உறுதியாக நிற்றல் வேண்டும்.