வீட்டுக்கு மென்னீர், வாழைக்கு உப்பு

பொங்கலூர் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வாழை, நாலு கத்தரிச் செடி, ஒரு மிளகாய்ப் பாத்தி. போன பங்குனியில் அங்கிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, வாழை இலையெல்லாம் ஓரத்துல இருந்து கருகிட்டே வருதுங்க. வாடல் நோய்ங்களா?"

ஏற்கெனவே இரண்டு முறை பூஞ்சாணக்கொல்லி கரைத்து வேரில் ஊற்றிவிட்டார். பொட்டாஷ் குறைவு என்று யாரோ சொல்ல, அதையும் வைத்துவிட்டார். நேரில் போய்த் தண்டை வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. வாடல் நோய் என்றால் செம்பழுப்புக் கோடுகள் தெரிய வேண்டும். தோப்பிலிருந்த மற்ற வாழைகளுக்கு ஒன்றுமில்லை. ஒரு சிறு வாய்க்காலை ஒட்டியிருந்தவை மட்டும்தான் கருகின. மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அப்பட்டமான உப்பு.

வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனால், அது குளியலறைச் சுவரோரம் நின்ற நீல நிற உருளையில் போய் முடிந்தது. சாஃப்ட்னர்.

"வீட்டுல முடி கொட்டுதுன்னு சொன்னாங்கன்னு எட்டு மாசத்துக்கு முந்தி வெச்சதுங்க. தண்ணி வீணாப் போவுதேன்னு வாழைக்குத் திருப்பி விட்டேன்" என்றார்.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நினைத்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. கருவியை மாட்டியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொங்குப் பகுதியில் மட்டுமல்ல, ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் பல ஊர்த் தோட்டத்து வீடுகளிலும் இந்தக் கருவி இப்போது நுழைந்துகொண்டிருக்கிறது. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

எது கடினம், எது உப்பு?

நாம் பொதுவாக 'உப்புத் தண்ணி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் உண்டு. கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவு டி.டி.எஸ். அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் எவ்வளவு என்பதுதான் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காதது, துவரம்பருப்பு வேகாதது, கீசர் கம்பியில் வெள்ளையாகப் படிவது, குழாய் வாய் அடைப்பது எல்லாம் கடினத்தன்மையின் வேலை. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடால்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். டி.டி.எஸ். அளவு அதே முறையில் 500, 2,000.

கடின நீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த வரம்பும் வைக்கவில்லை. வெயிலில் வேலை செய்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு நிச்சயமான வழி. உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு: ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல், நைட்ரேட் 45-க்கு மேல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு என்ன செய்தது என்பதைப் பல்லையும் முட்டியையும் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சாஃப்ட்னர் ஃபுளோரைடையும் எடுக்காது, நைட்ரேட்டையும் எடுக்காது.

அதனால் முதல் செலவு பரிசோதனைக்குத்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் குடிநீரைப் பரிசோதிக்கலாம். பாசனத்துக்கான பரிசோதனையை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் செய்துகொள்ளலாம். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, வாய் வரை நிரப்பி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். மேல்நிலைத் தொட்டியில் இருந்து பிடிக்காதீர்கள். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இரண்டு கம்பி வித்தை

வீடு தேடி வருகிற சில விற்பனையாளர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். இரண்டு டம்ளர்: ஒன்றில் உங்கள் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் இயந்திரத்துத் தண்ணீர். இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் உங்கள் தண்ணீர் செம்மண் குழம்பாக மாறும். "பாருங்க, இதத்தான் குழந்தைக்குக் குடுக்கறீங்க" என்பார்கள். அந்தக் குழம்பு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல. உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து வருவது. அவர்கள் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் குழம்பாகும்.

பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் கடினத்தன்மையைக் காட்டாது. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் அதை வைத்தால் எண் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதைப் பார்த்து "கருவி வேலை செய்யவில்லை" என்று சண்டை போட்டவர்களும் உண்டு. வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு பாட்டிலில் மழைநீர், இன்னொன்றில் உங்கள் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சீவிய சோப்பு போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்கிறதா, தயிர்போலத் திரிகிறதா என்று பார்த்தால் போதும். குழாயின்மேல் மாட்டும் காந்தக் கருவிகள் சுண்ணாம்பை வெளியே எடுப்பதில்லை. அவற்றுக்குக் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

உருளைக்குள் என்ன நடக்கிறது?

சாஃப்ட்னருக்குள் இருப்பது ரெசின் என்ற கடுகு மாதிரியான சிறு மணிகள். தண்ணீரில் வரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை உள்ளே விட்டுப் பிடித்ததைக் கழற்றி வெளியே தள்ள வேண்டும். அப்படித் தள்ளிய தண்ணீர்தான் அந்த வாழைக்குப் போனது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி, கடினத்தன்மை 600 உள்ள தண்ணீரை ஏறக்குறைய 2,000 லிட்டர் வரை மென்மையாக்கும். பிறகு 3 முதல் 4 கிலோ கல்லுப்பு கேட்கும். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்றால் நாலு நாளைக்கு ஒரு முறை உப்புக் கழுவல். மாதம் ஒரு 25 கிலோ மூட்டை. ஆண்டுக்கு 300 கிலோ உப்பு. அவ்வளவும் உங்கள் தோட்டத்து மண்ணில்தான் எங்கோ இறங்குகிறது. உறிஞ்சுகுழியில் விட்டால் சுற்றிச் சுற்றி உங்கள் கிணற்றுக்கே வரும்.

கழிவுநீரை நிறுத்திவிட்டால் போதுமா என்றால், மென்னீரே செடிக்கு ஆகாது. கடினத்தன்மை 600 உள்ள தண்ணீரை முழுக்க மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேர்கிறது. உப்புக் கழிவு நிலத்தை உவராக்கும். மென்னீரோ, சோடியம் பைகார்பனேட் சேர்ந்து, நாளாவட்டத்தில் களராக்கும். களர் நிலத்துக்கு நாமே ஜிப்சம் வாங்கிப் போடுகிறோம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விரட்டும் என்பதற்காகத்தான். பாசனத் தண்ணீரில் இலவசமாக வரும் கால்சியத்தைக் காசு கொடுத்து எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்த்து வாழைக்கு ஊற்றுவது எதிர்த்திசை வண்டி. நிலத்துக்குக் கடின நீரே மேல். மாட்டுக்கும் மென்னீர் தேவையில்லை. பால் கேன்களிலும் கறவை இயந்திரத்திலும் படியும் கல்லுக்கு அவ்வப்போது அமிலக் கழுவல் போதும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மென்னீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம்.

பிரித்துப் போடுங்கள்

வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் மென்மையாக்க வேண்டியதில்லை. கழிப்பறை, வாசல் தெளிப்பது, தொட்டிச் செடி, மாட்டுக் கொட்டகை எல்லாவற்றுக்கும் நேரடிப் போர்வெல் குழாய் போதும். கீசர், குளியல், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு மட்டும் தனிக் குழாய் இழுத்தால் 500 லிட்டர் 150 ஆகிவிடும். உப்பு மாதம் எட்டு கிலோவுக்குள் அடங்கும். கழுவலில் முதலில் வரும் பேக் வாஷ் தண்ணீர் சாதாரணப் போர்வெல் தண்ணீர்தான், அது மரத்துக்குப் போகலாம். அடுத்து வரும் உப்புத் தண்ணீரையும் அலசல் தண்ணீரையும் மட்டும் தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டியில் விட்டுக் காயவையுங்கள். வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளுக்கு ஐந்து லிட்டர் போல ஆவியாகும். மூன்று சதுர மீட்டர் இருந்தால் சமாளிக்கலாம். மழை நாளில் மேலே தகரம் போட வேண்டும், அது கொஞ்சம் தொல்லைதான். சேறில்லாத நல்ல கல்லுப்பாகப் பாருங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் சீக்கிரம் கெடும், அதற்கு முன்னால் இரும்பு வடிகட்டி வேண்டும்.

ஆர்.ஓ. கருவி கடினத்தன்மை, உப்பு, ஃபுளோரைடு எல்லாவற்றையும் குறைக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, தடை செய்யுங்கள் என்று 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் ஊர்களில் இதை யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. ஆர்.ஓ. கழிவை வீடு துடைக்க, கழிப்பறைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே செடிக்கு ஊற்றினால் அந்த வாழையின் கதிதான்.

காசில்லாத வழிகளும் உண்டு. கொதிக்கவைத்து ஆறவைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினம் அடியில் படிந்துவிடும். தெளிவை இறுத்துப் பருப்பு வேகவைக்கலாம். சல்பேட், குளோரைடால் வருவது கொதித்தாலும் போகாது. துணிக்கு 20 லிட்டர் வாளியில் 12, 13 கிராம் சலவைச் சோடாத் தூளை முதலில் கரைத்துவிட்டுப் பிறகு சோப்பு போட்டால் சோப்புச் செலவு குறையும். தலைக்குச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கடின நீரிலும் திரியாது, நம் பாட்டிகள் போர்வெல் பார்க்காமலே கண்டுபிடித்தது. தேத்தாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தை எடுக்காது.

எல்லாவற்றையும் விட நல்லது கூரைத் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலான கூரை, அதாவது 100 சதுர மீட்டர். ஆண்டுக்கு 600 மி.மீ. மழை பெய்யும் ஊரில் சேதாரம் போக 48,000 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர் என்றாலும் ஆண்டுக்குத் தேவை 9,200 லிட்டருக்குள்தான். 10,000 லிட்டர் மூடிய தொட்டி, வெளிச்சம் புகாமல், முதல் மழையை வெளியே விட ஒரு திருப்பு குழாய், உள்ளே போக மணல் கரி வடிகட்டி. குடிக்கும்போது காய்ச்சிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரில் தொங்குகிறது, தொட்டி இல்லை.

அந்தத் தண்ணீரில் இருபது லிட்டரைத் தோட்டத்துக்கும் எடுத்து வையுங்கள். காதி சோப்பு போட்டு வேப்ப எண்ணெய் கரைப்பவர்களுக்குத் தெரியும், கடின நீரில் சோப்பு திரிந்து எண்ணெய் மேலே தனியே மிதக்கும். அதைத் தெளித்தால் ஒரு இலை கருகும், அடுத்த இலையில் மருந்தே இருக்காது. மழைநீரில் கரைத்தால் பால்போல வரும்.

சொட்டுநீர்க் குழாய்க்குச் சாஃப்ட்னர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். செலவும் கட்டாது, மண்ணும் கெடும். சுண்ணாம்பு அடைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வென்ச்சுரி வழியாக விட்டு, கடைசிச் சொட்டுவானில் கார அமில நிலை 4 வந்ததும் நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகு குழாய் முனைகளைத் திறந்து கழுவுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

பொங்கலூர் வீட்டில் இப்போது குளியலறைக்கும் கீசருக்கும் மட்டும் சாஃப்ட்னர். ஒரு மூட்டை உப்பு மூன்று மாதம் வருகிறதாம். கழிவுக்குத் தொட்டி கட்டியிருக்கிறார். கருகிய வாழைகளைத் தோண்டிப் போட்டுவிட்டு, பாத்தி கட்டி நாலைந்து முறை நல்ல தண்ணீர் தேக்கி வடித்தார். ஜிப்சமும் தொழுவுரமும் போட்டு ஐப்பசி மழைக்குப் பிறகு புதுக் கன்று வைத்தார். ஆறு இலை விட்டிருக்கிறது, ஓரம் பச்சையாக இருக்கிறது. வாய்க்கால் முனையில் இருந்த மிளகாய்ப் பாத்தி மட்டும் இன்னும் தேறவில்லை.