பார வண்டியும் விளம்பர வாக்கும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பழமொழி. தன் பண்டத்தைத் தானே குறைத்துக் கூறும் வணிகனை எந்நாட்டிலும் காண்டல் அரிது. ஆயினும், ஒரே சந்தையில் மூன்று வணிகர் நின்று, "எமதே முதல்" என்று ஒருங்கே கூவுவாராயின், கேட்போன் என் செய்வான்? மூவரும் பொய்யர் என்று தள்ளிவிடுவதா? அன்றி மூவரையும் நம்புவதா? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பெரிய பிக்கப் வண்டி வாங்கச் செல்லும் குடும்பத்தினர் பல்லாண்டுகளாக எதிர்நோக்கிவரும் இடர் இதுவே. வண்டி அந்நாட்டாருடையது, ஆனால் இலக்கங்களைக் கொண்டு விளைவிக்கப்படும் மயக்கம் எந்நாட்டார்க்கும் பொதுவானது. ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

முன்னே ஆட்கள் அமரும் அறையும், பின்னே திறந்த தட்டும் உடைய வண்டியே பிக்கப் எனப்படுவது. 1925ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் போர்ட் கம்பனியார் தமது புகழ்பெற்ற 'ரி' மாதிரிக் காரின் பின்புறத்தில் ஒரு தட்டைப் பொருத்தி, 281 டொலர் விலைக்கு விற்கத் தொடங்கினர். கமக்காரனும் தச்சனும் அதனை விரும்பி வாங்கினர். 1948இல் அக்கம்பனியின் 'எப்' வரிசை தோன்றியது. 1975இல் அவ்வரிசையில் எப்-150 பிறந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் செவ்ரோலே சில்வராடோவும், முன்னர் டொட்ஜ் என்னும் பெயரோடு சேர்ந்து வழங்கிப் பின்னர் 2009இல் தனிப்பெயர் பெற்ற றாம் வண்டியும் அதன் நேர்ப் போட்டியாளர்கள்.

இம்மூவரே களத்தில் ஓங்கி நிற்றற்கு ஒரு வேடிக்கையான வரலாறும் காரணமாகும். 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு மிகுந்த தீர்வை விதித்தன. அதற்குப் பதிலடியாக, அதிபர் லிண்டன் ஜோன்சன் 1963 டிசெம்பரில் வெளியிட்ட கட்டளையால், வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பார வண்டிகள் மீது 25 வீதத் தீர்வை சுமத்தப்பட்டது. அதனோடு விதிக்கப்பட்ட ஏனைய தீர்வைகள் காலப்போக்கில் தளர்ந்தன. வண்டித் தீர்வை தளரவில்லை. கோழியால் வந்த வரி வண்டிக்கு வேலியாயிற்று. யப்பானிய டொயோட்டா கம்பனியார் தமது டண்ட்ரா வண்டியை டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில் செய்து விற்பதன் பொருள் இதனால் விளங்கும். நிஸான் கம்பனியாரின் டைட்டன் வண்டியும் அந்நாட்டிலேயே செய்யப்பட்டது. எனினும் போட்டியில் நிலைக்காது 2024இல் நின்றுபோயிற்று.

முதல்வர் யார்?

விற்பனையில் முதலிடம் தமதே என்பது போர்ட் கம்பனியாரின் நெடுநாட் பெருமை. 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்கும் பார வண்டி 'எப்' வரிசையே என்பர். இது பொய்யன்று. ஆனால், 'எப்' வரிசை என்பது ஒரு வண்டியன்று. எப்-150 தொடக்கம் மிகக் கனத்த வேலை வண்டிகள் வரை அதில் அடங்கும். மறுபுறத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ ஒரே வண்டியைச் செவ்ரோலே சில்வராடோ என்றும், ஜீ.எம்.சி. சியெரா என்றும் இரு பெயரில் விற்கின்றது. 2022இல் போர்ட் விற்ற 'எப்' வண்டிகள் ஏறக்குறைய ஆறரை இலட்சம். ஜெனரல் மோட்டோர்ஸின் இரு பெயர்களையும் கூட்டினாலோ ஏறக்குறைய ஏழரை இலட்சம். பெயரால் எண்ணின் ஒருவர் முதல்வர். நிறுவனத்தால் எண்ணின் மற்றவர் முதல்வர். இருவர் கூற்றும் மெய்யே. எண்ணும் முறையே வேறு.

இழுவையும் அளவுகோலும்

பிக்கப் வண்டியின் பெருமை அதன் இழுவையில் உள்ளது. படகையும், குதிரைகளையும், சில்லுகள் பூட்டிய சிறு வீட்டையும் ட்ரெயிலரில் ஏற்றி இழுத்துச் செல்வது அந்நாட்டுக் குடும்பங்களின் வழக்கம். ஆதலின் "எம் வண்டி இத்தனை இறாத்தல் இழுக்கும்" என்பதே விளம்பரங்களின் தலையாய வாக்கு. வியப்பு யாதெனில், நெடுங்காலமாக ஒவ்வொரு கம்பனியும் தன் வண்டியைத் தான் விரும்பிய முறையில் தானே சோதித்துத் தானே இலக்கம் கூறி வந்தது. மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்திப் புள்ளியிட்டாற் போன்றது அது.

இக்குறையைப் போக்க, மோட்டார்ப் பொறியியலாளர் சங்கமாகிய எஸ்.ஏ.ஈ. 2008இல் ஜே-2807 என்னும் பொது அளவுகோலை வெளியிட்டது. அதன்படி வண்டி ட்ரெயிலரோடு நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 30 செக்கனில் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டுதல் வேண்டும். அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அண்மையில் உள்ள 11.4 மைல் நீள ஏற்றத்தை, கடுங்கோடை வெப்பத்தில், குளிரூட்டும் கருவியை முழுவலுவில் இயக்கிக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாத வேகத்தில் ஏறுதல் வேண்டும். இவ்வளவுகோலை முதலில் ஏற்றவர் டொயோட்டா கம்பனியார். 2011ஆம் ஆண்டு மாதிரியிலேயே ஏற்றனர். அதனால் அவர்தம் வண்டியின் இலக்கம் குறைந்தது. அமெரிக்கக் கம்பனிகள் மூன்றும், தாம் முந்தி இலக்கத்தைக் குறைத்தால் அயலவன் மேலோங்குவானே என்று ஒருவரையொருவர் பார்த்து நின்றன. 2015ஆம் ஆண்டு மாதிரிகள் வரையிலேதான் அவை இணங்கின. முதலில் மெய் கூறுபவன் நட்டம் அடையும் சந்தையில் பொது அளவுகோல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது தக்க சான்று.

கதவோரத்துச் சிறு தாள்

பொது அளவுகோல் வந்த பின்னும் மயக்கம் தீர்ந்தபாடில்லை. விளம்பரத்தில் வரும் பேரிலக்கம் ஒரு குறிப்பிட்ட இயந்திரமும், ஒரு குறிப்பிட்ட பின்னச்சுப் பல்விகிதமும், தனி இழுவைக் கருவித் தொகுதியும் அமைந்த ஒரே ஒரு வகை வண்டிக்கு உரியது. கடையில் நிற்கும் தோலிருக்கை வண்டிக்கு அது பொருந்தாது. அழகு கூடக் கூட வண்டியின் எடையும் கூடும். எடை கூடினால் சுமக்கும் ஆற்றல் குறையும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். வண்டி பாரத்தோடு சேர்ந்து இருக்கத்தக்க உச்ச எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் வருவது அது சுமக்கத்தக்க பாரம். சாரதியின் கதவோரத்தில் ஒட்டிய சிறு தாளில் அவ்வண்டிக்கே உரிய இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அது 1,600 இறாத்தல் என்று கொள்வோம். விளம்பரமோ 12,000 இறாத்தல் இழுக்கலாம் என்கின்றது. குடும்பத் தலைவர் எச்சரிக்கையோடு 10,000 இறாத்தல் ட்ரெயிலரையே பூட்டுகின்றார். ட்ரெயிலரின் எடையில் பத்தில் ஒரு பங்கேனும், அதற்குச் சிறிது மேலேனும், கொளுவி வழியாக வண்டியின் மீதே அழுந்துதல் வேண்டும். அன்றேல் ட்ரெயிலர் பாம்புபோல் நெளிந்து ஆடும். ஆகவே குறைந்தது 1,000 இறாத்தல் ஏறிவிட்டது. தந்தை, தாய், பிள்ளைகள் மூவர் ஆகியோரின் எடை 650 இறாத்தல் எனின், மொத்தம் 1,650. ஒரு பெட்டியும் ஏற்றுமுன்னரே எல்லை கடந்துவிட்டது! இழுவை இலக்கத்தில் இன்னும் 2,000 இறாத்தல் மிச்சம் உண்டு என்று அவர் மகிழ்ந்திருப்பார். ஆனால் பின்பாரத்தால் முன்சில்லுகள் இலேசாகித் திருப்புவலு குன்றும், ரயர்கள் சூடேறும், நீண்ட இறக்கத்தில் பிறேக் காய்ந்து பிடி தளரும். விளம்பரத்தின் பேரிலக்கம் அப்போது உதவிக்கு வாராது. அச்சிறு தாளின் இலக்கமே குடும்பத்தின் உயிர்க்காப்பு.

கழற்றிவைத்த உதிரிச் சில்லு

2014இல் ஒரு வழக்கு நிகழ்ந்தது. மன்றில் அன்று, பத்திரிகைகளில். கனரக வண்டிகளுள் இழுவையில் முதல்வர் யார் என்று போர்ட் கம்பனியாரும் றாம் கம்பனியாரும் வாதிட்டனர். வண்டி எவ்வகுப்பைச் சேர்ந்தது என்பது அதன் உச்ச எடையால் தீர்மானிக்கப்படும். 14,000 இறாத்தலுக்கு மேற்பட்டால் வகுப்பு மாறிவிடும். போர்ட் கம்பனியார் தமது எப்-450 வண்டியை அவ்வெல்லைக்குள் அடக்கிக் காட்டுதற்கு, உதிரிச் சில்லு, ஜாக்கி, வானொலிப் பெட்டி, நடு இருக்கைப் பெட்டி ஆகியவற்றைக் கழித்துக் கணக்கிட்டனர் என்பது வெளிவந்தது. ஜெனரல் மோட்டோர்ஸும் சில வண்டிகளில் பின் பம்பரைக் கழித்துச் சுமையாற்றலைக் கணக்கிட்டதை ஒப்புக்கொண்டு, அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. உதிரிச் சில்லில்லாத வண்டியை எக்குடும்பத்தவர் நெடுவழிக்குக் கொண்டு செல்வர்? "வகுப்பில் முதல்வன்" என்று ஒருவன் வந்து சொன்னால், வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்பது ஆசிரியர் வழக்கம். இங்கும் அக்கேள்வி பொருந்தும்.

அலுமினியமும் உருக்கும்

2015ஆம் ஆண்டு மாதிரி எப்-150இன் உடலைப் போர்ட் கம்பனியார் அலுமினியத்தால் அமைத்து, எடையை 700 இறாத்தல் 'வரை' குறைத்தோம் என்றனர். 'வரை' என்னும் அச்சிறு சொல்லை மாணவர் கவனிப்பாராக. அது மேலெல்லையை மட்டும் கூறும். உமக்குக் கிடைப்பது எவ்வளவு என்று கூறாது. அடுத்த ஆண்டு செவ்ரோலே கம்பனியார், இரு வண்டிகளின் தட்டுகளிலும் கனத்த கற்கட்டிகளை உயரத்திலிருந்து கொட்டிப் படம்பிடித்து வெளியிட்டனர். அலுமினியத் தட்டு துளைபட்டது. உருக்குத் தட்டு நெளிவோடு தப்பியது. காட்சி மெய்யே. ஆனால் எடை குறைந்தமையால் விளையும் நன்மையைப் படம் காட்டவில்லை. மேலும், 2019ஆம் ஆண்டு மாதிரிச் சில்வராடோவின் கதவுகளையும், பொனற்றையும், பின்கதவையும் அதே செவ்ரோலே கம்பனியார் அலுமினியத்தால் அமைத்தனர். தட்டை மட்டும் உருக்காகவே வைத்தனர். இகழப்பட்ட உலோகம் இடமறிந்து பயன்படுத்தப்பட்டது.

விண்கலமும் புகைவண்டியும்

2012 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், 'என்டெவர்' விண்கலத்தை நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் மேலாக டொயோட்டா டண்ட்ரா இழுத்துச் சென்றது. தாங்கியோடு சேர்ந்து அதன் எடை ஏறத்தாழ மூன்று இலட்சம் இறாத்தல். 2019இல் போர்ட் கம்பனியார் மின்சாரத்தால் இயங்கும் மாதிரி வண்டி ஒன்றைக் கொண்டு, பத்து லட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட புகைவண்டித் தொடரை இழுத்துக் காட்டினர். கண்டோர் வியந்தனர். பௌதிகம் கற்கும் மாணவன் வியக்க வேண்டுவதில்லை. சமதரையில் மெல்ல உருளும் பொருளை இழுத்தற்கு அதன் எடை முழுவதையும் வெல்ல வேண்டியதில்லை. உருள்தடையை மட்டும் வென்றால் போதும். உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லு உருளும்போது அத்தடை எடையில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. எம் கோவில் வீதியில் பெருந்தேர் மனிதக் கைகளால் நகர்வதும் இவ்விதியாலன்றோ? ஏற்றமும், வேகமும், நிறுத்தமும் சேர்ந்த இடத்திலேதான் இழுவையின் உண்மைச் சோதனை உளது.

கேட்க வேண்டிய கேள்விகள்

2019 சனவரியில் செவ்ரோலே கம்பனியார், தம் வண்டிகள் போர்ட், ஹொண்டா, டொயோட்டா வண்டிகளினும் நம்பகமானவை என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தனர். ஆதாரமாகக் காட்டிய கருத்தாய்வோ 2015ஆம் ஆண்டு மாதிரிகளைப் பற்றியது; புதிய வண்டிகளைப் பற்றியதன்று. போட்டியாளர் மூவரும் ஆட்சேபித்தனர், விளம்பரம் நிறுத்தப்பட்டது.

கூறப்படுவதை ஆராய்தல் போன்றே, கூறாது விடப்படுவதை ஆராய்தலும் வேண்டும். இவ்வண்டிகளின் முகம் ஆண்டுதோறும் உயர்ந்து, வீரத்தின் அடையாளமாகப் போற்றப்பட்டது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த முன்முகம் உடைய வண்டிகள் பாதசாரியை மோதின், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சாய்வும் உடைய முகத்தையுடைய வண்டிகளினும் உயிர்ச்சேதம் விளையும் வாய்ப்பு ஏறக்குறைய 45 வீதம் மிகுதி. இந்த இலக்கத்தை எக்கம்பனியும் தன் விளம்பரத்தில் அச்சிட்டதை நாம் கண்டிலேம்.

ஆகவே, எப்பண்டத்தை வாங்கினும் நான்கு கேள்விகளைக் கேட்போமாக. எதை எண்ணினார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? அளந்தவர் யார்? நாம் வாங்கும் பொருளுக்கு அவ்விலக்கம் பொருந்துமா? மேலே கண்ட வாக்குகளுள் முழுப்பொய் என்று ஒதுக்கத்தக்கது ஒன்றேனும் இல்லை. மெய்யின் ஒரு பகுதியை எடுத்து முழு மெய்போல் நிறுத்துவதே அவற்றின் வல்லமை. பெரிய எழுத்தைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கும் பிள்ளைக்கு, கீழேயுள்ள சிறிய எழுத்தையும் படித்துக் காட்டுதல் பெற்றோர் கடன். பள்ளியில் கற்ற கூட்டலும் கழித்தலும் பரீட்சைக்கு மட்டும் உரியன அல்ல என்பதை அப்பிள்ளை அன்று அறிந்துகொள்ளும்.