கரையோரத்துப் பாசியும் கைக்குழந்தையின் பால் புட்டியும்

ஏரி நடுவில் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஓரத்துக் கல்லில் மட்டும் பச்சைப் பாசி படர்ந்து காலை வழுக்கிவிடும். ஏன் தெரியுமோ? ஓரத்தில் ஆழம் குறைவு, வெயில் அடிவரை படுகிறது. ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் பூமிக்குள்ளே இருக்கிறது.

கரைமேல் வீடு, தோட்டம் என்று வந்துவிட்டால், செப்டிக் டாங்க் கசிவும் செடிகளுக்குப் போடும் யூரியாவும் மண்ணுக்குள் இறங்கி நைட்ரேட் என்ற உப்பாக மாறுகின்றன. மணிச்சத்தையாவது மண் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட் அப்படி நிற்காது. சர்க்கரை மாதிரி கரைந்து நிலத்தடி நீரோடு போய்விடும். அந்த நீர் பெரும்பாலும் ஏரியின் ஓரத்தில்தான் கசிந்து வெளிவருகிறது. பாசிக்கு வாசலிலேயே விருந்து!

அமெரிக்காவில், கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே தாஹோ என்று ஒரு மலை ஏரி. ஆழம் 501 மீட்டர். 1968-ல் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால், சராசரி 31 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்ததாம். அத்தனை தெளிவு! கரையோர ஊர்களின் கழிவுநீரை 1970-களிலேயே குழாய் போட்டு மலைக்கு அப்பால் கொண்டு போய்விட்டார்கள். இருந்தும் வசந்த காலத்தில் ஓரத்துப் பாறைகளில் பாசி ஏறத்தான் செய்கிறது. பழைய செப்டிக் டாங்க் இருந்த மண்ணிலிருந்தும் புல்தரைக்குப் போட்ட உரத்திலிருந்தும் நிலத்தடி நீர் கொண்டுவருவதும் அதற்கு ஒரு காரணம். பூமிக்குள் போனது லேசில் தீராது, பார்த்தீர்களா?

ஏரியிலாவது பாசி காட்டிக்கொடுக்கிறது. நம்ம வீட்டு போர் தண்ணீரில்? நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. பெரியவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கிணற்று நீரால் இப்படி ஆவதை அயோவா மாநிலத்து டாக்டர் ஹண்டர் காம்லி 1945-லேயே எழுதியிருக்கிறார். நீலம் கண்டால் கை வைத்தியம் எல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

'நான் நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே பால் கலக்கிறேன்' என்பீர்கள். கிருமி சாகும், சரி. நைட்ரேட் போகாதம்மா! தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது. தாய்ப்பாலில் இந்தப் பயமில்லை. புட்டிப்பால்தான் என்றால், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து நைட்ரேட் எவ்வளவு என்று கேளுங்கள். நம் நாட்டுக் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால், குழந்தைக்கு மட்டுமாவது வேறு நல்ல தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.