பள்ளத்தைப் பெரிதாக்கினால் பிசுக்கு போய்விடுமா?

நாலைந்து உணவகங்களும் கல்யாண மண்டபமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் பெரிய ஹோட்டல் வளாகங்களில், சமையலறைக் கழிவுநீரை நேரே சாக்கடையில் விடுவதில்லை, விடவும் கூடாது. நடுவில் ‘கிரீஸ் ட்ராப்’ என்னும் எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. அரை மணி நேரம் அலையாமல் நின்றால் அது மேலே மிதக்கும். சோற்றுப் பருக்கையும் மசாலாக் கசடும் அடியில் தங்கும். இடையில் உள்ள நீர் மட்டும் தடுப்புச் சுவருக்கு அடியில் புகுந்து வெளியேறும். வளாகம் வளர வளர இந்தத் தொட்டி திணறும், குழாய் அடைக்கும். உடனே பழையதை இடித்து இரண்டு மடங்கு பெரிதாகக் கட்ட முடிவெடுப்பார்கள். ஆனால் எண்ணெயை எங்கே பிடிக்கிறோம், எப்போது அள்ளுகிறோம் என்பதை மாற்றாமல் பள்ளத்தை மட்டும் பெரிதாக்குவது மேம்பாடு ஆகாது.

காரணம் தொட்டிக்கு முன்னாலேயே இருக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் நீர் நெய்யையும் வனஸ்பதியையும் உருக்கிவிடும். சோப்புக் கரைசல் அதை நுண்துளிகளாக உடைத்துவிடும். அந்தத் துளிகள் அரை மணி நேரத்தில் மிதந்து மேலே வந்துவிடாது. நீரோடு தொட்டியைத் தாண்டிப் போய், குழாயில் ஆறியதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு அமிலமும் நீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியமும் சேர்ந்து சோப்புக்கட்டி போல இறுகும். 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியில் 250 மீட்டர் நீளத்துக்குச் சாக்கடையை அடைத்துக்கொண்டிருந்த கொழுப்புப் பாறையின் எடை சுமார் 130 டன். போதாததற்கு, தொட்டியின் அளவைச் சராசரி நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். முகூர்த்த நாளில் பந்தி முடிந்து அண்டாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுவலுக்கு வரும்போது, அந்தக் கணக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

ஆகவே மேம்பாடு சமையலறையிலிருந்தே தொடங்க வேண்டும். தட்டிலும் வாணலியிலும் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் படுமுன் வழித்துக் குப்பைத் தொட்டியில் போடுவது முதல் படி. இதற்குச் செலவே இல்லை. பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் கேனில் சேர்த்தால் பயோடீசலுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு சமையலறையிலும் கழுவுதொட்டிக்கு அருகே ஒரு சிறிய ட்ராப் வைக்க வேண்டும். பாத்திர இயந்திரத்தின் சுடுநீரைத் தனிக்குழாய் வழியே வெளித்தொட்டிக்குக் கொண்டுபோனால், உள்ளே பிடித்த எண்ணெயை அது மறுபடி உருக்காது. வெளித்தொட்டியின் அளவை உச்ச நேர வரத்தை வைத்து நிர்ணயிக்க வேண்டும். நாள் பார்த்து அல்ல, ஆழம் பார்த்தே அள்ள வேண்டும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும் நீண்ட குழாய் ஒன்றை அடிவரை இறக்கித் தூக்கினால், மேலே மஞ்சள் பிசுக்கு, நடுவில் கலங்கல் நீர், கீழே கறுப்புக் கசடு என மூன்றும் அப்படியே தெரியும். பிசுக்கும் கசடும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை எட்டினால், அதாவது நாலடித் தொட்டியில் ஓரடி ஆனால், அன்றே லாரியை அழைக்க வேண்டும்.

வளாகத்திலேயே சுத்திகரிப்பு நிலையம் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்கள். எண்ணெய் அவற்றைப் போர்த்தி ஆக்சிஜன் சேரவிடாமல் செய்துவிடும். எண்ணெயைக் கரைக்கும் என்சைம் ஊற்றினால் போதாதா என்பார்கள். கரைந்தது தொட்டியைத் தாண்டி, அடுத்த தெருக் குழாயில் போய் உறையலாம். செலவு கூடும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் இந்திய விதிகளின் பொதுத் தரப்படி, பொதுச் சாக்கடையில் விடும் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. பிடிக்காமல் விட்ட எண்ணெய்க்கு அடைப்பு, துர்நாற்றம், அபராதம் என்று ஏதோ ஒரு வடிவில் பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய கணக்கு மனித உயிர். அள்ளாமல் கிடக்கும் கசடு அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். செறிவு கூடினால் மோப்பத்தையே மழுங்கடித்து ஆளைச் சாய்க்கும் வாயு அது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொட்டி என்று பார்த்து வாயு கொல்வதில்லை. எனவே தொட்டியின் ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு மூடி, உறிஞ்சு குழாய் எட்டும் தூரத்தில் லாரி நிற்க இடம் ஆகிய இரண்டும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். எத்தனை லட்சம் கொட்டிக் கட்டியிருந்தாலும், சுத்தம் செய்ய ஓர் ஆள் உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது என்றால் அந்தத் தொட்டி இன்னும் பழைய தொட்டிதான்.